அடுப்படி வாசலில் நின்றுபோகும் கால், தையல் மிஷினில் மட்டும் ஓடுவது எப்படி?

கரூர் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து 58 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். நான்கு வருடத்துக்கு முன் வலது கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. அதற்கும் முன்னாலேயே ஹெம்மிங் போடும்போது கை பின்தங்கியது, வாசலில் போடும் கோலம் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. மூன்று வருடத்துக்கு முன் பார்க்கின்சன் என்று உறுதியானது. லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரை மூன்று வேளை சாப்பிடுகிறார், போன வருடம் பிரமிபெக்சோலும் சேர்த்திருக்கிறார்கள். இப்போது புதுத் தொல்லை ஒன்று: சமையலறை நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, சாயங்காலத்தில் அதிகம். இரண்டு முறை விழுந்துவிட்டார். ஆனால் மாடிப்படி ஏறிவிடுகிறார், கால் மிஷினில் உட்கார்ந்து மிதித்தால் பழையபடி ஓடுகிறது. இதைப் பார்த்து வீட்டில், "மிஷின் மிதிக்க வருது, அடுப்படிக்கு நடக்க மட்டும் வராதா?" என்று கேட்கிறார்கள். அதே ஆட்கள்தான் பயந்துபோய் மிஷினைத் துணி போட்டு மூடி ஒரு மூலையில் தள்ளிவிட்டு, "நீ கட்டில்ல உட்காரு, எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம்" என்றும் சொல்கிறார்கள். மாத்திரை ஐந்து வருடம்தான் வேலை செய்யும் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து மதிய மாத்திரையை விட்டுவிடுகிறார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்று உள்ளூர் கிளினிக்கில் வேறு மாத்திரை வாங்கிப் போடுகிறார். நாட்டு மருந்தான பூனைக்காலிப் பொடியும் வாங்கி வைத்திருக்கிறார். கடைசியில், எதற்கும் சம்பந்தமில்லாதது போல ஒரு வரி: "போன்ல வேண்டாத துணியெல்லாம் ஆர்டர் போட்டுக் குவிக்கிறேன் டாக்டர், ராத்திரி தூங்காம அதையே பார்த்துட்டு இருக்கேன், எனக்கே வெட்கமா இருக்கு."

அவர் கேட்பது இவ்வளவுதான்: நான் நடிக்கிறேனா? தையலை விட்டுவிட்டு ஓய்வெடுப்பதுதான் நல்லதா? படுக்கையில் விழாமல் எவ்வளவு காலம் ஓட்ட முடியும்?

அம்மா, முதல் கேள்விக்கே முதலில் வருகிறேன், அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று படிக்கும்போதே தெரிந்தது. நீங்கள் நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பது பார்க்கின்சனுக்கே உரிய குணம்.

மூளையின் நடுப்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன, அவை குறையக் குறைய வருவதுதான் இந்த நோய். நாம் யோசிக்காமலே செய்கிற அசைவுகளுக்குத்தான் டோபமின் அதிகம் வேண்டும்: நடப்பது, நடக்கும்போது கை வீசுவது, பேசும்போது முகத்தில் சிரிப்பு வந்து போவது, எழுத்தை ஒரே அளவில் எழுதிக்கொண்டு போவது. உங்கள் கோலம் சிறுத்ததும் அதனால்தான், பேனா பிடிப்பவர்களுக்குக் கையெழுத்து சிறுத்துப்போகும், உங்களுக்குக் கோலத்தில் தெரிந்திருக்கிறது. இப்படித் தானாக நடந்தவை எல்லாம் தடுமாறினாலும், கண்ணுக்கு முன்னால் ஒரு குறி இருந்தால், அல்லது காதில் ஒரு தாளம் விழுந்தால், மூளை வேறு வழியாக அதே அசைவைச் செய்துவிடும். அந்த வழி இந்த நோயில் அவ்வளவாகக் கெடுவதில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படியின் விளிம்பும் காலை எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது. மிஷினில் பெடல் ஏறி இறங்கும் சீரே உங்கள் பாதத்தைத் தூக்கிவிடுகிறது. சமையலறை வாசலில் இது எதுவும் இல்லை, இடம் குறுகுகிறது, உடனே திரும்ப வேண்டும், கையில் பாத்திரம் வேறு, உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள். கால் உறைந்துபோக இதைவிடத் தோதான இடம் வீட்டில் கிடையாது.

2010ல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி வீடியோவோடு எழுதினார்கள். அவருக்கும் 58 வயது, நோய் வந்து பத்து வருடம். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் சில அடிகூட வைக்க முடியாமல் விழுந்துவிடுவார். அவரை சைக்கிளில் ஏற்றிவிட்டதும் சாதாரண ஆள் போல ஓட்டிக்கொண்டு போனார், திரும்பி வந்தார், இறங்கினார், இறங்கியதும் கால் மறுபடி ஒட்டிக்கொண்டது. நரம்பியல் மருத்துவர்களையே ஆச்சரியப்படுத்திய வீடியோ அது. உங்கள் கால் மிஷினில் நடப்பதும் அதே மாதிரி விஷயம்தான். இந்தப் பத்தியை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உடம்பு சரியில்லாத ஒருவரை நடிக்கிறாய் என்று சொல்வது எவ்வளவு பெரிய வலி என்று அவர்களுக்கு இதுவரை தெரிந்திருக்காது, தெரிந்தால் சொல்ல மாட்டார்கள்.

மிஷின் மேல் போட்ட துணியை எடுத்துவிடுங்கள்

உங்கள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பாசத்தில்தான் உட்காரச் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு முறை விழுந்த அம்மாவை மூன்றாவது முறை விழ விடக்கூடாது என்ற பதற்றம் அது. ஆனால் ஓய்வு எடுத்தால் தேறுகிற நோய்களில் பார்க்கின்சன் சேராது. கட்டிலில் உட்கார வைத்தால் தொடைத் தசை கரையும், இடுப்பு இறுகும், உடம்பின் சமநிலை இன்னும் மோசமாகும், மலச்சிக்கல் கூடும், பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பீர்கள். விழாமல் இருக்க உட்கார்ந்தவர் சில மாதம் கழித்து எழுந்தால் முன்பைவிடச் சீக்கிரம் விழுவார். இது நான் கிளினிக்கில் திரும்பத் திரும்பப் பார்க்கிற வரிசை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் தையல் உங்களுக்கு வெறும் கை வேலை கிடையாது. நாலு பேர் வீடு தேடி வருகிறார்கள், அளவு எடுக்கிறீர்கள், கணக்குப் போடுகிறீர்கள், உங்கள் கையில் உங்கள் காசு இருக்கிறது. பார்க்கின்சன் வந்தவர்களுக்கு மனச்சோர்வு அடிக்கடி வரும், "கவலைப்பட்டு வருது" என்று வீட்டில் சொல்வார்கள், உண்மையில் அது நோயின் ஒரு பகுதியாகவே மூளையில் ஏற்படும் மாற்றத்தால்தான் பெரிதும் வருகிறது, தேவைப்பட்டால் அதற்குத் தனியாக மருந்து உண்டு. ஏற்கெனவே அப்படி இருக்கும் மனதிடமிருந்து வேலையையும் பிடுங்கிக்கொண்டால் என்ன மிஞ்சும்?

ஆகவே தையுங்கள். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்துத் தையுங்கள், அது உங்களுக்கே தெரியும், கை லேசாகி விரல் சொன்னபடி கேட்கும் நேரம். ஹெம்மிங், கொக்கி வைப்பது மாதிரி நுணுக்கமான கை வேலையைத் தெருவில் தைக்கத் தெரிந்த வேறொருவருக்குக் கூலி கொடுத்துவிடலாம், வெட்டுவதும் மிஷின் தையலும் உங்களிடமே இருக்கட்டும். சாக்பீஸால் கோடு போடும்போது வேண்டுமென்றே நீளமாக, பெரிதாக இழுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, முதுகும் தலையின் பின்பக்கமும் சுவரில் படும்படி ஒரு நிமிடம் நிமிர்ந்து நில்லுங்கள். இந்த நோய் ஏற்கெனவே உடம்பை முன்னால் வளைக்கும், மிஷின்மேல் குனிந்தே இருந்தால் அந்த வளைவு நிலைத்துவிடும். இன்னொன்று, மிஷின் மிதிப்பதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள், மூச்சு வாங்காத வேலை அது. உடற்பயிற்சி தனியாக வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

மாத்திரைகளைப் பற்றி, கொஞ்சம் நீளமாக

இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த பகுதி இதுதான். உங்கள் மருந்தின் அளவைக் கடிதத்தைப் பார்த்து நான் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது, உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் செய்ய வேண்டும். ஆனால் அவரிடம் நீங்கள் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று சொல்கிறேன்.

கால் ஒட்டிக்கொள்வது சாயங்காலம் அதிகம் என்கிறீர்கள், மதிய மாத்திரையை விடுகிறேன் என்கிறீர்கள். இந்த இரண்டு வரியும் கடிதத்தில் தள்ளித் தள்ளி இருக்கின்றன, நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபாவின் வேலை சில மணி நேரம்தான். காலையில் போட்டது மதியத்தோடு வடிந்துவிடும், மதியம் போடாவிட்டால் நாலு மணிக்கு உங்கள் மூளை கிட்டத்தட்ட மருந்தே இல்லாமல் சமையலறை வாசலில் நிற்கிறது. நீங்கள் விழுந்தது எந்த நேரத்தில் என்று எழுதவில்லை, யோசித்துப் பாருங்கள்.

ஐந்து வருடக் கதை உங்கள் உறவுக்காரர் கண்டுபிடித்தது இல்லை, ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படிப் பயந்து, முடிந்தவரை மருந்தைத் தள்ளிப் போட்டார்கள். ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் செல்கள் மருந்தை வாங்கிச் சேமித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும், அதனால் நாள் முழுக்கச் சீராக இருக்கும். வருடங்கள் போகப் போக அந்தச் செல்களும் குறையும்போது சேமிக்க இடமில்லை, மாத்திரையின் பலன் சீக்கிரம் வடிகிறது, சிலருக்குக் கட்டுப்பாட்டில் இல்லாமல் உடம்பு தானாக நெளியும். இதைப் பார்த்துத்தான் மாத்திரை 'தேய்ந்துபோகிறது' என்று நினைத்தார்கள். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் மருந்து கிடைக்காமல் பல வருடம் தாமதமாக லெவோடோபா ஆரம்பித்தவர்களை, சீக்கிரமே ஆரம்பித்த இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்டு 2014ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு நாட்டிலும் இந்தத் தொல்லைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வந்தன, மருந்து ஆரம்பித்து எத்தனை வருடம் என்பதைவிட நோய் வந்து எத்தனை வருடம் என்பதைப் பொறுத்து. 2019ல் நெதர்லாந்தில் வந்த ஆய்விலும் உடனே லெவோடோபா ஆரம்பித்ததால் நோய் வேகமாகப் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. ஆக, மாத்திரையை மிச்சம் பிடித்து வைத்துப் பின்னால் செலவழிக்க முடியாது. இன்றைக்கு நடக்க வேண்டிய நடைதான் வீணாகிறது. திடீரென்று மொத்தமாக நிறுத்துவதோ ஆபத்து, கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக ஐசியூவில் சேர்க்கும் நிலை வரலாம்.

நீங்கள் இட்லி சாம்பாரோடும் பால் காபியோடும் மாத்திரை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். லெவோடோபாவும் ஒரு வகை அமினோ அமிலம், பருப்பு, பால், முட்டை, கறியில் இருக்கும் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களோடு குடலில் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன், அல்லது ஒரு மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில் போடுங்கள். குமட்டினால் ஒரு வாழைப்பழமோ ஒன்றிரண்டு ரஸ்க்கோ போதும். இதைக் கேட்டுவிட்டுப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள், சிலர் அப்படிச் செய்து எடை குறைந்து வருகிறார்கள், உங்களுக்குத் தசை வேண்டும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை போடுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்து அந்தத் தலைசுற்றல் மாத்திரை. பெயர் எழுதவில்லை. நம் ஊரில் தலைசுற்றலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், புரோகுளோர்பெரசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு ஆகிய எல்லாமே டோபமின் வேலையைத் தடுப்பவை. பார்க்கின்சன் இல்லாதவருக்கே இவை பார்க்கின்சன் மாதிரி அறிகுறிகளைக் கொண்டுவரும், உங்களுக்கு எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். அட்டையை எடுத்துப் பார்த்து, இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் இன்றைக்கே உங்கள் நரம்பியல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். எழுந்து நின்றால் மட்டும் சுற்றுகிறது என்றால் நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதோ என்று எனக்குச் சந்தேகம், இது இந்த நோயிலும் வரும், உங்கள் மாத்திரைகளாலும் வரும். படுத்திருக்கும்போது ஒரு தடவையும், எழுந்து நின்று ஒரு நிமிடம், மூன்று நிமிடம் கழித்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் காரணம் அதுதான். பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பதையும் அவர் பார்ப்பார்.

இப்போது அந்த வெட்கமான வரி. அம்மா, வெட்கப்படாதீர்கள், அது உங்கள் புத்திக் கோளாறும் இல்லை, பேராசையும் இல்லை. பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி மாத்திரைகள் மூளையில் ஆசை, வெகுமதி சம்பந்தப்பட்ட பகுதியையும் தூண்டிவிடும். 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2010ல் வெளியான ஆய்வில், இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இப்படிக் கட்டுப்படுத்த முடியாத பழக்கம் ஏதாவது ஒன்று இருந்தது: சூதாட்டம், வாங்கிக் குவிப்பது, நிறுத்தாமல் சாப்பிடுவது, அடங்காத காம உணர்வு. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்த ஆண்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்த மாத்திரை சேர்த்தது போன வருடம், துணி வாங்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதானா என்று யோசியுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் பதற்றமும் சோர்வும் பிடித்துக்கொள்ளும். மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால் படிப்படியாகக் குறைப்பார், பெரும்பாலும் பழக்கமும் அடங்கிவிடும். அதுவரை போனில் பணம் கட்டும் வசதியைக் குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பூனைக்காலிப் பொடியைப் பற்றி. அதில் லெவோடோபா இருப்பது உண்மை, நம் வைத்தியர்கள் அதைப் பயன்படுத்தி வந்ததில் காரணம் இருக்கிறது. பச்சிலைதானே, ஒன்றும் செய்யாது என்று நினைப்பதுதான் தவறு. இது உங்கள் மாத்திரையில் இருக்கும் அதே மருந்து, எவ்வளவு இருக்கிறது என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அளவு எகிறி வாந்தி, நெளிவு, பிரஷர் இறக்கம் எல்லாம் வரலாம். பாக்கெட்டைப் பிரிக்காமல் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு நடக்க வேண்டும், எப்படி

இந்த நோயில் உடற்பயிற்சிக்கு மாத்திரை மாதிரியே அளவு, நேரம், தவறாமை எல்லாம் உண்டு. வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறேனே என்பது அந்த அளவில் சேராது. 2018ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் ஆரம்ப நிலையில் இருந்து இன்னும் மருந்து தொடங்காதவர்களை இதயம் அதன் உச்சத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் வரை துடிக்கும்படி ட்ரெட்மில்லில் நடக்க வைத்தார்கள், வாரம் நாலு நாள் என்ற இலக்கோடு ஆறு மாதம். வழக்கம்போல இருந்தவர்களுக்கு அறிகுறிகள் கூடின, இவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றன. அடுத்த வருடம் நெதர்லாந்தில் வீட்டிலேயே, நகராத உடற்பயிற்சி சைக்கிளை வாரம் மூன்று நாள், 30 முதல் 45 நிமிடம் மிதிக்க வைத்த ஆய்விலும் ஆறு மாதத்தில் அதே மாதிரி பலன்.

உங்களுக்கு எது தோது என்று கேட்டால் நான் சைக்கிளைத்தான் சொல்வேன். கால் உறையும் தொல்லை மிதிக்கும்போது பெரும்பாலும் வராது, விழும் பயம் இல்லை, மிதிப்பது உங்கள் காலுக்கு ஏற்கெனவே பழகிய வேலை. பழைய உடற்பயிற்சி சைக்கிள் குறைந்த விலைக்கே கிடைக்கும். துணி வாங்கிய காசில் நாலு சைக்கிள் வாங்கியிருக்கலாமே என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால், மேலே எழுதியதை மறுபடி படித்துக் காட்டுங்கள். மாத்திரை போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து, உடம்பு லேசாக இருக்கும்போது ஏறுங்கள். பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்கினால் சரி. ஆரம்பிக்கும் முன் ஒரு ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தலைசுற்றல் பிரச்சினை ஒரு வழிக்கு வந்த பிறகு ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

நடையையும் விடக் கூடாது. தினமும் காலையில், கூட ஒருவரோடு, சமமான இடத்தில். கோயில் பிரகாரம், பள்ளி மைதானம் எதுவானாலும் சரி. நடக்கும்போது மனதுக்குள் "பெரிய அடி, பெரிய அடி" என்றே சொல்லுங்கள். இந்த நோயில் மூளை உங்களை ஏமாற்றும், சின்ன அடியைச் சரியான அடி என்று நினைக்க வைக்கும், அதனால் உங்களுக்கு மிகையாகத் தெரியும் அளவுக்கு வைத்தால்தான் பார்ப்பவருக்குச் சாதாரணமாகத் தெரியும். குரலுக்கும் இதே கதைதான். அளவு கொடுக்க வருபவர்கள் "என்னக்கா சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்கிறார்கள் என்றால் உங்கள் குரல் இறங்கியிருக்கிறது, காலையில் பேப்பரைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படியுங்கள், முடிந்தால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

சமநிலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். சீனாவின் தாய்ச்சி பயிற்சியை வாரம் இரண்டு முறை, ஆறு மாதம் செய்தவர்கள் வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள் என்று 2012ல் ஓர் ஆய்வு காட்டியது. தாய்ச்சி உங்கள் ஊரில் கிடைக்காது, அதன் சாரமான எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றுவதை ஒரு பிசியோதெரபிஸ்ட் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே கற்றுக்கொடுத்துவிடுவார். 2021ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வரும் வசதி இருக்கிறது, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

அந்த நிலைப்படி

கால் ஒட்டிக்கொண்டதும் நாம் எல்லோரும் செய்வது, இன்னும் முன்னால் சாய்ந்து காலைப் பிய்த்து எடுக்கப் பார்ப்பது. உடம்பு முன்னே போகும், பாதம் அங்கேயே நிற்கும், விழுவீர்கள். அதனால் ஒட்டியதும் முதலில் முழுசாக நில்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள். நிமிர்ந்து, எடையை இடது, வலது என்று இரண்டு தடவை ஆட்டி, மூன்றாவதில் ஒரு பெரிய அடி. "ஒண்ணு, ரெண்டு, போ" என்று வாய்விட்டுச் சொன்னால் இன்னும் எளிது. வாசலுக்கு முன்னும் பின்னும் தரையில் பளிச்சென்ற நிறத்தில் டேப் குறுக்கே ஒட்டிவிடுங்கள், ஓர் அடிக்கு ஒரு கோடு, நாலைந்து கோடு போதும், அதைத் தாண்டுவதாக நினைத்து நடங்கள். மாடிப்படி உங்களுக்குச் செய்கிற உதவியை அந்தக் கோடுகள் செய்யும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இரண்டு வேண்டுகோள். கால் நின்றதும் கையைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள், இழுத்துத்தான் பலர் விழுகிறார்கள். "சீக்கிரம் வா" என்று சொல்லாதீர்கள், அவசரப்படுத்த அவசரப்படுத்தக் கால் இன்னும் இறுகும். பக்கத்தில் நின்று தாளமாக எண்ணுங்கள், அது போதும்.

நீங்கள் கொதிக்கும் குழம்பைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், மேடையிலேயே நகர்த்துங்கள். நடக்கும்போது போன் பேச வேண்டாம். ஓர் இடத்தில் நின்று பம்பரமாகத் திரும்பாமல் அரை வட்டமாகச் சுற்றித் திரும்புங்கள். ரப்பர் செருப்பு காலிலிருந்து நழுவும், பின்பக்கம் வார் வைத்ததாகப் போடுங்கள். நைட்டியும் புடவைக் கொசுவமும் கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், நைட்டியை நீங்களே இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துவிடலாம். குளியலறையிலும் கழிவறையிலும் சுவரில் கைப்பிடி வைப்பது இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை, கொத்தனார் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்களே கூப்பிடுங்கள். இரவில் படுக்கையில் புரளக் கஷ்டமாக இருந்தால் இடுப்பு வரும் இடத்தில் மட்டும் வழவழப்பான சாட்டின் துணியைக் குறுக்கே விரித்துப் பாருங்கள், உங்களிடம் துண்டுத் துணி இருக்கும்.

படுக்கையில் விழுவேனா என்று கேட்டீர்கள்

இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை, நோய் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும், இதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை. ஆனால் நகரும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. 58 வயதில், மூன்று வருடத்தில், மாத்திரைக்கு நன்றாகப் பலன் தெரிகிற, மாடிப்படி ஏறுகிற ஒருவருக்கு அடுத்த பல வருடங்கள் வேலை செய்து வாழக்கூடிய வருடங்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் இப்போதைய தொல்லைகளில் பாதிக்கு மேல் நோய் முற்றியதால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை, விட்டுப்போன மதிய மாத்திரை, சாப்பாட்டோடு போட்ட மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை, கட்டில் ஆகியவற்றால் வந்ததாகவே தோன்றுகிறது, இவை எல்லாம் திருத்தக்கூடியவை.

மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் அறுவை சிகிச்சை, லெவோடோபாவால் நல்ல பலன் இருந்தும் அது நாளுக்குள் ஏறி இறங்கி அவதிப்படுபவர்களுக்கு உதவும். நீங்கள் அந்தக் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை, முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணப்படுத்துகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள், நம் நாட்டில் பார்க்கின்சனுக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ன் பட்டியலில் பார்க்கின்சன் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு பரிசோதித்து 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று கொடுத்தால் அரசின் பல உதவிகளுக்கு வழி திறக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மாத உதவித்தொகைக்கும் கேளுங்கள். மாத்திரைச் செலவு கையைக் கடித்தால் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பிரிவில் பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அதற்கு முன் ஒரு நோட்டில் மூன்று நாளுக்கு, மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், கை லேசான நேரம், கால் ஒட்டிய நேரம், தலை சுற்றிய நேரம் எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள், எழுத்து சிறுத்தால் மகள் எழுதட்டும். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பூனைக்காலிப் பாக்கெட்டையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். துணி வாங்கும் விஷயத்தை வீட்டுக்காரர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரை இரண்டு நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள், ஆனால் சொல்லாமல் வந்துவிடாதீர்கள். திரும்பி வரும் முன் மருத்துவரிடமே ஒரு சின்ன அட்டையில், "பார்க்கின்சன் நோயாளி, லெவோடோபாவை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், மெட்டோகுளோப்ரமைடு கொடுக்கக் கூடாது" என்று எழுதி வாங்கி, மணிபர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு காரணத்துக்காக எந்த ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.